அத்தியடிக் கழகத்து வரிசை

மகேந்திரண்ணை வீட்டுப் பின்வளவில், கார் விடுகிற கொட்டிலை மாற்றிக் கட்டிய ஒற்றை அறை ஒன்று இருக்கிறது. எலீசியோ அதில்தான் குடியிருந்தார். சனிக்கிழமை விடிந்தால் அந்த அறை வாசலில் வாளியும் தடியுமாக நின்று வெள்ளைப் பெயின்ரைத் தண்ணீர் விட்டுக் கலக்குவார். பிறகு அதைக் கோடு போடும் தள்ளுவண்டியில் ஊற்றி, சில்லு கிறீச்சிடக் கிறீச்சிடத் தெருவால் தள்ளிக்கொண்டு மைதானத்துக்குப் போவார். ஸ்பிரிங்வேலில் எங்கள் தெருவுக்குச் சனிக்கிழமை என்பது அந்தச் சத்தம்தான்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே பலகை வேலி. அதில் ஒரு பலகை இல்லை. என் மனைவி இருந்த காலத்தில் கறிக் கோப்பைகள் போய்வந்த வழி அது. அவள் போன பிறகு பலகையை அடிக்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள். நான் அடிக்கவில்லை. மகேந்திரண்ணையும் பவளக்காவும் அந்த இடைவெளியால் என்னோடு கதைப்பார்கள். இதில் நான் எழுதுவதில் முக்கால்வாசி அதற்குள்ளால் வந்தது.

எலீசியோ எல்சல்வதோர்காரர். டண்டினோங்கில் சலாது இலை கழுவிப் பொதி செய்யும் பக்டரியில் அவரும் மகேந்திரண்ணையும் பெல்ற்றின் இரண்டு பக்கமும் நின்று வேலை செய்தவர்கள். குளிரறை வேலை. அழுகின இலையைப் பொறுக்கிப் பொறுக்கி விரல் நுனி விறைத்துவிடும். எலீசியோவின் குடும்பம் முறிந்தபோது அண்ணைதான் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

"ரெண்டு மாசத்துக்கெண்டு சொல்லிக் கூட்டியந்தவர்," என்பார் பவளக்கா. "இப்ப அந்தாள் என்ரை கறிவேப்பிலைக்குத் தண்ணி ஊத்துது. பிட்டுக்குச் சம்பல் காணாதெண்டும் சொல்லுது."

உண்மைதான். எலீசியோவுக்கு 'ஓம்', 'காணும்', 'இன்னும் கொஞ்சம்' மூன்றும் தமிழில் வரும். மற்றதெல்லாம் உடைந்த ஆங்கிலம்.

எலீசியோவின் ஊர்க்காரருடைய உதைபந்தாட்டக் கழகத்துக்குப் பெயர் அத்லெத்திகோ லாஸ் ஹிகேராஸ். ஹிகேராஸ் என்றால் அத்திமரங்களாம். அதைக் கேட்ட அன்றே மகேந்திரண்ணை அதை 'அத்தியடி' ஆக்கிவிட்டார். யாழ்ப்பாணத்தில் இருக்கிற அத்தியடி என்ற இடத்தை எல்சல்வதோரில் கண்டுபிடித்த சந்தோசம் அவருக்கு. கோப்பித் தோட்டத்துக் கூலிகள் கோப்பிக்கொட்டை காயப்போடும் சீமெந்துத் தளத்தில் விளையாடித் தொடங்கிய கழகம். பிறகு ஊர்க்காரர் சோளக்காணி ஒன்றைத் துப்புரவாக்கி மைதானம் போட்டார்கள். பக்கத்து ஊரைத் தோற்கடித்து ஒரேயொரு தடவை கிண்ணம் எடுத்தார்கள். அந்த நாட்டில் சண்டை வந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்ச் நடந்துகொண்டிருக்கையில் ஆமி வந்து ஏழு விளையாட்டுக்காரரை ஏற்றிப் போனது. ஒருவரும் திரும்பவில்லை. தப்பிய சனம் எங்கெங்கோ அலைந்து மெல்பேர்ண் வந்து, ஸ்பிரிங்வேலில் அதே பெயரில், அதே பச்சை ஜேர்சியில் கழகத்தை மறுபடி தொடங்கியது.

ஒவ்வொரு பருவத்தின் முதல் மட்சுக்கும் முன்னால் அவர்கள் மைதானத்தில் செத்தவர்களின் பெயர்களைக் கூப்பிடுவார்கள். ஒரு பெயர் சொன்னதும் நிற்கிற சனம் முழுக்க "பிரெசெந்தே" என்று குரல் கொடுக்கும். 'இருக்கிறேன்' என்று அர்த்தம். செத்தவனுக்காக இருக்கிறவர்கள் சொல்லும் பதில்.

"எட்டுப் பேரைக் கூப்பிடுவினம்," என்று அண்ணை ஒருநாள் வேலிக்குள்ளால் சொன்னார். "ஏத்தினது ஏழு பேரை. எட்டாவது ஒருத்தன், மௌரிசியோ எண்டு. அவனை அதுக்கு முதலே பிடிச்சதாம். பிறகு றோட்டிலை பிரேதமாய்க் கிடந்தவனாம். ஆனா ஒண்டு தம்பி, அவன்ரை பேருக்கு மட்டும் எலீசியோ வாய் திறக்கிறேல்லை. நான் பாத்துக்கொண்டு வாறன்."

"கோபதாபம் ஏதும் இருந்திருக்கும்."

"எனக்கும் விளங்கேல்லை. அண்டைக்குப் பிடிபட்டு வரிசையிலை நிண்ட ஆக்களுக்குள்ளை ஆமி விட்டிட்டுப் போனது கோல் காத்த ஒராளைத்தான். அது இவர். அங்கை கிழடுகள் இவரைப் பாக்கிற பார்வை நல்லாயில்லை."

இதைச் சொல்லும்போது அண்ணை என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கும் அப்படி ஒரு கதை இருந்தது எனக்குத் தெரியும். எங்கள் சனத்துக்குள் அது எல்லோருக்கும் தெரியும். ஊரில் ஒரு சுற்றிவளைப்பில் பவளக்காவின் சின்னண்ணன் பாலகிருஷ்ணனும் மகேந்திரண்ணையும் அருகருகே வரிசையில் நின்றவர்கள். சாக்கால் தலையை மூடி ஆமிக்கு ஆள் காட்டிக்கொடுக்கிற தலையாட்டி பாலகிருஷ்ணனுக்கு முன்னால் வந்து தலையை ஆட்டியது. அடுத்ததாக நின்ற மகேந்திரண்ணைக்கு ஆட்டவில்லை. 'போ' என்று ஆமிக்காரன் துவக்கால் இடித்து விட்டான். பாலகிருஷ்ணன் வரவில்லை. சில வருடம் கழித்துப் பவளக்கா மகேந்திரண்ணையைத்தான் கட்டினார். பவளக்காவின் தாய் கல்யாண வீட்டிலேயே ஒரு வார்த்தை சொன்னாராம்: "ரெண்டு பேர் நிண்ட இடத்திலை ஒருத்தனை மட்டும் ஏன் விட்டவன்?"

பவளக்கா அந்தக் கேள்வியைக் கணவரிடம் கேட்டதில்லை. கேட்காமலே ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்தார். மகன் செந்தூரன் எலீசியோவின் பின்னால் திரிந்து பந்து பழகி, வளர்ந்து, அத்தியடியின் பெரியவர் அணிக்கு வந்துவிட்டான்.

அவனுடைய முதல் மட்ச் ஒரு ஆடி மாதத்துச் சனிக்கிழமை. தெற்கிலிருந்து காற்று ஊசியாய்க் குத்தியது. மழை விட்டுவிட்டுப் பெய்தது. அதுவரை மைதானப் பக்கம் போகாத பவளக்கா அன்றைக்கு ஒரு தட்டம் நிறைய ரோல்ஸ் பொரித்து, துணியால் மூடி, மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். நானும் போனேன்.

தகரக் கூடாரத்தின் கீழ் டோன்யா மார்த்தா என்ற கிழவி தட்டுக்கல்லில் பூபூசா சுட்டுக்கொண்டிருந்தார். சோளமாவைத் தட்டி, உள்ளே அவித்த பயறையும் சீஸையும் வைத்து மூடிச் சுடுகிற தடித்த ரொட்டி. எலீசியோ வந்து அவருடைய கதிரைக்குக் கீழே நனையாத பலகையைப் போட்டுவிட்டுப் போனார். பவளக்கா கிழவியின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மனிசிக்கு மா ஒட்டுதில்லை பாத்தியளே. கையிலை எண்ணை தொடுது."

"கேட்டுப் பழகுங்கோவன்."

"நான் என்னத்தைக் கேக்க, அவ என்னத்தைச் சொல்ல? பாத்தாக் காணும்."

மட்ச் தொடங்குமுன் ஒரு முறை இருக்கிறது. ரெஃப்ரி இரண்டு அணியையும் வரிசையாக நிற்கவைத்து, படத்தையும் ஆளையும் ஒப்பிட்டுப் பெயரை வாசிப்பார். கழகத்தின் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று, 'இவன்தான் அவன்' என்று உறுதிசெய்ய வேண்டும். வேறொருவன் பெயரில் யாரும் விளையாடிவிடக் கூடாது என்பதற்காக. அத்தியடிக்கு அந்த வேலையை எலீசியோதான் செய்தார்.

அந்த நேரம் பார்த்து மழை பலத்தது. எலீசியோ மழையங்கியின் தலைமூடியை இழுத்து, கயிற்றை நாடிக்குக் கீழே முடிந்துகொண்டார். முகம் தெரியவில்லை. ரெஃப்ரி ஒரு பெயரைச் சொன்னார். பொடியன் ஒரு அடி முன்னுக்கு வந்தான். தலைமூடி ஒருதரம் மேலும் கீழும் ஆடியது. அடுத்த பெயர். அடுத்த பொடியன். மறுபடி ஆடியது.

செந்தூரன் நாலாவதாக நின்றான்.

தட்டம் விழுந்த சத்தம்தான் முதலில் கேட்டது. நான் திரும்புவதற்குள் பவளக்கா கோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்.

"செந்தூரன்! வாடா இஞ்சாலை! வரிசையை விட்டு வாடா!"

"அம்மா, what are you doing?"

அவனுடைய கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் பொடியன் சேற்றில் முழங்காலூன்றி விழுந்தான். அவனை விட்டுவிட்டு எலீசியோவின் முன்னால் போய் நின்றார்.

"கழட்டடா அதை! மூஞ்சையைக் காட்டு! ஆரடா நீ?"

எலீசியோவுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் முடிச்சை அவிழ்த்துத் தலைமூடியைப் பின்னால் தள்ளினார். மழை முகத்தில் அடித்தது. துடைக்கவில்லை. விளங்காதவன் முகம் அல்ல அது.

எதிரணிப் பொடியள் சிரித்தார்கள். எல்சல்வதோர்க் கிழடுகள் ஒருவரும் சிரிக்கவில்லை. கூடாரத்துக்குள்ளிருந்து யாரோ மெல்ல ஒரு சொல் சொன்னான்: "ஒரேஹா." அவர்களுடைய பாசையில் அது 'காது'. காட்டிக்கொடுப்பவனுக்கு அங்கே அதுதான் பெயர் என்று அண்ணை பிறகு சொன்னார். அதுவரை பார்வையில் மட்டும் இருந்தது அன்றைக்கு வாயால் வந்துவிட்டது.

காரில் செந்தூரன் முன்சீற்றில் இருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். "It's just an ID check, அம்மா. Everyone does it," என்று ஒருமுறை சொன்னான். பவளக்கா என் பக்கத்தில், வெறும் தட்டத்தை மடியில் வைத்தபடி இருந்தார்.

"அந்தாளை இண்டைக்கே வெளிக்கிடச் சொல்லுங்கோ," என்றார் கணவரின் பிடரியைப் பார்த்து.

"அது ரெஃப்ரியின்ரை முறையப்பா. ஆள் சரியோ எண்டு பாக்கிறது."

"அங்கையும் அப்பிடித்தான் சொன்னவங்கள். ஆள் சரியோ எண்டு பாக்கிறமெண்டு."



மறுநாள் ஞாயிறு மத்தியானம் எலீசியோ தானாகவே குசினி வாசலுக்கு வந்தார். தொப்பி இல்லை, அங்கி இல்லை. தலைமயிரைத் தண்ணீர் தொட்டு இழுத்திருந்தார். துணைக்கு இருக்கட்டும் என்று அண்ணை என்னையும் கூப்பிட்டிருந்தார். பவளக்கா கதிரையைக் காட்டவில்லை. எலீசியோ நின்றுகொண்டே ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். அண்ணை இடைக்கிடை தமிழில் சொன்னார்.

"அன்றைக்கு இடைவேளை. உப்புப் போட்ட மாங்காய் தின்றுகொண்டிருந்தோம். லொறி வந்தது. வரிசையில் நிற்கச் சொன்னார்கள். ஜீப்பிலிருந்து ஒருவனை இறக்கினார்கள். தலையில் கோப்பிச் சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஏழு பேருக்குத் தலையாட்டினான். கடைசியாக எனக்கு முன்னால் வந்தான். கனநேரம் நின்றான். ஆட்டவில்லை."

"ஏனாம்?" என்றார் பவளக்கா, அண்ணையிடம்.

"நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் வெறுங்காலோடு இருந்தான். இடது காலில் இரண்டாவது விரல் பெருவிரலுக்கு மேலே ஏறியிருந்தது. கோல் காக்கிறவன் ஆட்டம் முழுக்கப் பார்ப்பது தனக்கு முன்னால் நிற்கிற தடுப்பாட்டக்காரனின் காலைத்தான். சின்ன வயதிலிருந்து நான் பார்த்த கால் அது. மௌரிசியோ. அதற்கு முதல் கிழமை அவனைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். நகங்கள் இருக்கவில்லை."

குசினியில் அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. ஒருவரும் அணைக்கவில்லை.

"பிறகு அவனையும் கொன்று றோட்டில் போட்டார்கள். ஊர் அவனைப் புதைத்து, அந்த ஏழு பேரோடு சேர்த்து எண்ணியது. ஒவ்வொரு வருடமும் அவனைக் கூப்பிடுகிறார்கள். எனக்கு மட்டும் வாய் வருவதில்லை."

"அப்ப ஏன் அந்தச் சனத்துக்குச் சொல்லேல்லை? உம்மையெல்லே சந்தேகப்படுகினம்?" பவளக்கா இந்தத் தடவை நேரே அவரிடம் கேட்டார். அண்ணை மொழிபெயர்த்தார்.

"டோன்யா மார்த்தா அவனுடைய தாய்," என்றார் எலீசியோ.

பவளக்கா போய் அடுப்பை அணைத்தார். ஒரு கதிரையை இழுத்துவிட்டார். ஒரு கோப்பையில் சோறு போட்டு, கறி ஊற்றி, அவருக்கு முன்னால் வைத்தார். எலீசியோ இருந்தார். இரண்டு வாய் தின்றுவிட்டு, "காணும்," என்றார்.

அவர் பின்வளவுக்குப் போன பிறகும் பவளக்கா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும்," என்றார் கணவரிடம். நான் எழும்பினேன். "இருங்கோ தம்பி. நீங்களும் கேளுங்கோ. சின்னண்ணையை ஆட்டின ஆளின்ரை காலை நீங்களும் பாத்திருப்பியள். நிலத்தைப் பாத்துக்கொண்டுதானே நிண்டனீங்கள்?"

"ஓம்."

"ஆரெண்டு தெரிஞ்சதோ?"

அண்ணை மேசைத்துணியின் ஓரத்தை விரலால் நீவினார். பொய் சொல்லப் போகிறார் என்று எனக்குப் பட்டது. அவர் சொல்லவில்லை.

"தெரிஞ்சது."

"ஆர்?"

"சொல்லமாட்டன், பவளம்."

"என்னட்டைச் சொல்ல ஏலாதெண்டா, அது..." அவர் முடிக்கவில்லை. "எங்கடை வீட்டு ஆளோ?"

"சொல்லமாட்டனெண்டு சொல்லீட்டன்."

அத்தனை வருடமும் கணவர்மேல் இருந்த சந்தேகம் அன்றோடு போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் இன்னும் பொல்லாதது. பவளக்காவுக்கு இப்போது தன் சொந்தச் சனம் முழுக்கச் சந்தேகம். ரொறன்ரோவிலிருந்து பெரியண்ணன் கல்யாணசுந்தரம் ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுப்பவர். அக்கா தொலைபேசியை மேசையில் குப்புறக் கவிழ்த்துவைத்து, அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். லண்டனிலிருந்து மாமன் மகன் எடுத்தாலும் அதுதான்.

ஒருநாள் உடுப்புக் காயப்போட்டபடி வேலிக்குள்ளால் கேட்டார்:

"தம்பி, ஆமி ஒராளைப் பிடிச்சு வைச்சிருந்திட்டு விட்டா, சும்மா விடுவானோ?"

"சும்மாவும் விட்டிருக்கிறான் அக்கா. காசு குடுத்தும் எடுத்திருக்கினம்."

"பெரியண்ணையைப் பிடிச்சு வைச்சிருந்தவங்கள். சின்னண்ணையைக் கொண்டுபோன அதே கிழமைதான் ஆள் வெளியிலை வந்தது. மாமான்ரை மகனையும் அப்பதான் விட்டவங்கள்." ஒரு சேட்டை உதறிக் கொடியில் போட்டார். "பெரியண்ணைதான் எனக்குச் சீதனம் தேடித் தந்தது. செந்தூரன் பிறக்கேக்கை தொட்டிலுக்கு அனுப்பினதும் அந்தாள்தான்."

"அக்கா, இதை விடுங்கோவன்."

"விடத்தானே பாக்கிறன். நீங்கள் வேலிப் பலகையை விட்டமாதிரி."

நான் உள்ளே வந்துவிட்டேன்.

சித்திரையில் அத்தியடியின் அடுத்த பருவம் தொடங்கியபோது பவளக்கா தானாகவே வந்து டோன்யா மார்த்தாவின் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். பெயர்கள் கூப்பிட்டார்கள். 'மௌரிசியோ' என்றதும் கிழவி, வருடாவருடம் பார்ப்பதுபோல, எலீசியோ நிற்கும் பக்கம் திரும்பினார். எலீசியோவின் வாய் மூடியிருந்தது. கிழவியின் காதுக்குப் பக்கத்தில், "பிரெசெந்தே," என்றார் பவளக்கா. அவருக்குத் தெரிந்த ஒரே ஸ்பானியச் சொல் அதுதான். கிழவி இந்தப் பக்கம் திரும்பி, பவளக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற மகேந்திரண்ணை சப்பாத்தை அவிழ்த்து, திரும்பக் கட்டினார். திரும்ப அவிழ்த்தார்.

அதற்கு அடுத்த மாசியில் அவர் செத்துப்போனார். வெளியே தார் உருகுகிற வெயில். குளிரறைக்குள் பெல்ற்றுக்கு முன்னால், கையில் இலையோடு சரிந்தாராம். தாங்கிப் பிடித்தவர் எலீசியோ. சொல்லமாட்டேன் என்று சொன்னதை அவர் கடைசிவரை சொல்லவேயில்லை.

கல்யாணசுந்தரம் ரொறன்ரோவிலிருந்து வந்தார். மாமன் மகன் லண்டனிலிருந்து வந்தார். மின்மயானத்தில் தேவாரம் முடிந்து பெட்டி உள்ளே போகிற நேரம், பின்வரிசையில் பச்சை ஜேர்சிகளோடு நின்ற சனத்துக்குள்ளிருந்து எலீசியோவின் குரல் வந்தது. "மகேந்திரராஜா!" எழுத்தெழுத்தாய்ப் பழகிவைத்திருக்க வேண்டும். அத்தியடிச் சனம் முழுக்க "பிரெசெந்தே" என்றது. எங்கள் ஆட்கள் விளங்காமல் திரும்பிப் பார்த்தார்கள். நான் பவளக்காவின் வாயைப் பார்த்தேன். அவர் எல்லோரும் சொல்லி முடிந்த பிறகு, தனியாகச் சொன்னார்.

"என்ன தங்கச்சி சொல்லுறாங்கள்?" என்று கல்யாணசுந்தரம் கேட்டார்.

"இருக்கிறாராம்," என்றார் அக்கா.

வீடு திரும்பிய ஆண்கள் சப்பாத்துகளைக் கேற்றடியில் கழற்றிவிட்டு, கால் கழுவுவதற்காகச் சீமெந்துப் பாதையில் வரிசையாக நின்றார்கள். செந்தூரனின் சிநேகிதி ஒருத்தி பூமரத்துக்குத் தண்ணீர் விடும் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பவளக்கா உள்ளேயிருந்து வந்தார். அவர் வெளியே வரக்கூடாது என்று யாரோ பெண்கள் தடுத்தார்கள். அவர் பைப்பை வாங்கிக்கொண்டார்.

ஒவ்வொருவராகக் காலை நீட்டினார்கள். அவர் குனிந்து தண்ணீர் விட்டார். நானும் நீட்டினேன். வேட்டியைத் தூக்கிப் பிடித்த ஆண்களின் கால்கள்: வெடித்த குதிகள், வளைந்த விரல்கள், குளிர்நாட்டில் வெளுத்த பாதங்கள். அவர் எந்த முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த வரிசை என்ன வரிசை என்று அங்கே இரண்டே பேருக்குத்தான் விளங்கியிருக்கும். எனக்கும், கேற்றடியில் நின்ற எலீசியோவுக்கும். அவர் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமன் மகன் கழுவிவிட்டுப் போனார். கல்யாணசுந்தரம் வந்து வலது காலை நீட்டினார். பிறகு இடது காலை. தண்ணீர் அந்தக் காலின்மேல் கனநேரம் ஓடியது. விரலிடுக்கு, நகம், கணுக்கால், சீமெந்து எல்லாம் நனைந்து வழிந்து, எனக்குப் பின்னால் இருந்த புல்லுவரை வந்துவிட்டது.

"என்ன பிள்ளை?" என்றார் அவர். குரல் ஏதோ மாதிரி இருந்தது. அது களைப்பாகவும் இருந்திருக்கலாம்.

பவளக்காவின் குனிந்த தலையையே நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அது ஆடவில்லை.

"போங்கோ அண்ணை," என்றார். "உள்ளுக்குப் போய்ச் சாப்பிடுங்கோ."